அவிழ்த்த காப்பு

சாமியாத்தாளுக்குச் சாமியைப் பிடிக்கும். கோயிலுக்குப் போவதென்றால்தான் கால் வராது. இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேலங்காட்டுப்புதூர் சும்மா விட்டிருக்குமா? அவிநாசிக்குத் தெற்கே, வண்டி கட்டினால் ஒரு மணி நேரத்தில் சோமனூர் ரயிலடியைச் சேர்ந்துவிடுகிற ஊர் அது. நூறு வீடு, நாலு தெரு, நடுவில் ஒரு மாரியம்மன் கோயில். யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பது தெரியாவிட்டாலும், யார் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரவில்லை என்பது ஊருக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கென்று ஒரு கல் இருந்தது. தோட்டத்துக் கிணற்றுமேட்டில், வேப்பமரத்தடியில், முழங்கால் உயரத்தில். கிணறு வெட்டியபோது பாறையோடு வந்த துண்டு. போட்ட இடத்தில் நின்றுகொண்டது. வாக்கப்பட்டு வந்த மாதத்தில், மாமியார் சொன்ன ஒரு சொல் தாங்காமல் அங்கே போய் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவியபோது கையில் மிஞ்சிய தண்ணீரைக் கல்லின் தலையில் விட்டாள். அன்றிலிருந்து இருபத்தாறு வருசமாக விடிந்ததும் முதல் குடம் தண்ணீர் கல்லுக்குத்தான். மந்திரம் கிடையாது, மணி கிடையாது. ஒரு சிட்டிகை மஞ்சளைத் தடவிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். செவலை மாடு சரியாகத் தின்பதில்லை. பருத்தியில் புழு விழுந்திருக்கிறது. குமாரசாமி நேற்றும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். குமாரசாமி அவள் புருசன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர்.

கல்லிடம் அவள் எதையும் கேட்டதில்லை. "கேக்கறதுக்குத்தான் ஊரே இருக்குதே. நானுங் கேட்டா ஆத்தா எத்தனைக்குத்தான் ஆவா?" என்பாள். கல்லும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள்.

ஒரே மகள் ராசாத்தாள். போத்தனூர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த லட்சுமணசாமிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மாதம் முந்தி வலி வந்துவிட்டது. சாமியாத்தாள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். ராசாத்தாள் அழவில்லை. "கையப் புடிச்சுக்க ஒருத்தருமில்லீம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பேச்சு சாமியாத்தாளின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"அடுத்த தடவ உன்ற கை என்ற கைக்குள்ள இருக்கும் கண்ணு. இது சத்தியம்" என்றாள். அவள் ஆயுசில் செய்த சத்தியம் அது ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, மாசி மாதம். ராசாத்தாள் எட்டாம் மாத வயிற்றோடு தாய்வீட்டில் இருந்தாள். இரண்டு வருசமாக மழை பொய்த்து, ஊர்க் கிணறுகளில் தவளை கத்தக்கூட ஈரமில்லை. சாமியாத்தாள் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் ஒரு ஜோடி மாடு குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. "அவ கல்லுக்கு ஊத்தறா, ஆத்தா அவ கெணத்துக்கு ஊத்தறா" என்று ஊர் கண் வைத்தது.

மாரியம்மனுக்கு நோம்பி சாட்டுவதென்று, அதாவது திருவிழா அறிவிப்பதென்று, பேச்சு எழுந்தது. நோம்பி சாட்டுவது எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியமில்லை. பறை கொட்டிச் சாட்டி, பால்மரத்தில் மூன்று கிளையுள்ள கம்பம் வெட்டி வந்து கோயில் முன்னால் நட்டுவிட்டால், பதினைந்து நாளைக்கு ஊரே கட்டுக்குள் வந்துவிடும். கல்யாணம் கிடையாது. குழம்புக்குத் தாளிப்பு கிடையாது. ஊர்க்காரர் யாரும் வெளியூர் போய் இராத்தங்கக் கூடாது. எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். பிறப்பும் இறப்பும் தீட்டு. ஆகவே வயிற்றுப்பிள்ளைக்காரிகளைக் கம்பம் நடுவதற்கு முன்பே வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். சாகிறவர்களை மட்டும்தான் அப்படி அனுப்ப முடியவில்லை.

ஆனால் சாட்டுவதற்கு முன் ஆத்தாளிடம் பூ கேட்க வேண்டும். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் எட்டு நாள் பொறுத்து மறுபடியும் கேட்க வேண்டும். மூன்று தடவையும் சிவப்பே வந்தால் அந்த வருசம் நோம்பி இல்லை. நஞ்சுண்டன் பூசாரி இரண்டு தடவை எடுத்தார். இரண்டும் சிவப்பு.

ஊர் வாடிப்போயிற்று. சாமியாத்தாள் மட்டும் உள்ளூரச் சந்தோசப்பட்டாள். நோம்பி இல்லையென்றால் மகளுக்கு இந்த வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம். அப்படியே வெள்ளை வந்தாலும், கம்பம் நடுவதற்கு முன் மகளோடு தானும் போத்தனூர் போய்விடுவது என்று யோசித்து வைத்திருந்தாள். அவள் கணக்கில் இரண்டு வழியும் திறந்தேதான் இருந்தன.

கோயில் தர்மகர்த்தா சென்னிமலைக் கவுண்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "ஏனம்மணி, மூணாந் தடவ நீ வந்து பூவெடுக்கோணும்."

"நானுங்களா? நாங் கோயிலுக்கே சரியா வர்றதில்லீங்களே மாமா."

"நீ வர்றதில்ல, செரி. ஆத்தா உன்ற தோட்டத்துக்கு வந்து குந்தியிருக்கறாளே. ஊரே சொல்லுது."

ஊரே சொல்வதற்கு எதிர்ப்பேச்சு எது? சாமியாத்தாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, இருபத்தாறு வருசத்தில் முதல் தடவையாக வாய் தவறிவிட்டது. "செவப்பையே குடுத்துப்போடு தாயி" என்றாள். சொன்னவுடனே கூசிப்போனாள். நெடுநாள் பழகிய சினேகிதியிடம் கடன் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

கோயிலில் அவள் எடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். வெள்ளை.

குலவையும் பறையுமாகக் கோயில் அதிர்ந்தது. அந்தச் சத்தத்திலேயே பூசாரி அவள் வலது கையைப் பிடித்து, மஞ்சளில் நனைத்த மூன்று இழை நூலை மணிக்கட்டில் சுற்றினார். பூவெடுத்த கைக்குத்தான் முதல் காப்பு என்றார்.

"ஏனுங்க பூசாரி, நாம் புள்ளையோட போத்தனூர் போறதா இருக்குதுங்களே."

"காப்புக் கட்டுன கை ராத்திரி ஊரெல்லைக்கு அக்கட்ட இருக்கலாமுங்களா அம்மணி?" என்று கேட்டுக்கொண்டே முடிச்சை இறுக்கினார் நஞ்சுண்டன். கெட்ட மனுசரில்லை அவர். அப்பாவும் தாத்தாவும் கட்டிய முடிச்சை அவரும் கட்டினார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ராசாத்தாளை வண்டியேற்றினார்கள். அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூலையே பார்த்தாள். "வந்துருவீல்லம்மா?" என்றாள். "வாரேன் கண்ணு" என்றாள் சாமியாத்தாள். வண்டி மண்பாதையில் திரும்பியபோது, தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கம்பம் நட்டார்கள். காலையில் பெண்கள் வரிசையாகக் குடம் சுமந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் குடம் பூவெடுத்தவளுடையது. சாயங்காலம் பறை முழங்க ஆண்கள் கம்பத்தைச் சுற்றி ஆடினார்கள். ஊர் அத்தனை சந்தோசமாக இருந்து பார்த்து இரண்டு வருசமாயிற்று. சாமியாத்தாளுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஊரெல்லை ஒரு முழம் கிட்டே வருகிற மாதிரி இருந்தது. கல்லடிக்குப் போனாலும் பேச்சு வரவில்லை. கேட்கக் கூடாதவளிடம் கேட்டுவிட்டோம், அதனால்தான் இப்படி என்று நினைத்தாள். பத்து நிமிசம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவாள்.

ஒன்பதாம் நாள் ஒரு கார்டு வந்தது. குமாரசாமி எழுத்துக் கூட்டி வாசித்தார். வலி எப்போது வேண்டுமானாலும் வரும்போல இருக்கிறது, அம்மா அம்மா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். கார்டு வந்து சேரவே இரண்டு நாள் ஆகியிருந்தது.

சாமியாத்தாள் நேரே சென்னிமலைக் கவுண்டர் வீட்டுக்குப் போனாள். பூசாரியும் அங்கேதான் இருந்தார்.

"மாமா, ரெண்டே ரெண்டு நாளுங்க. தலப்புள்ள போன புள்ளைங்க அவ. போயிட்டு வந்துர்றனுங்க."

"பகல்ல போம்மணி, ஆரு வேண்டாங்கறது? பொழுது உழுகறதுக்குள்ள ஊட்டுல இருக்கோணும்" என்றார் கவுண்டர். அவர் குரலில் கோபமில்லை. "உனக்கு ஒருக்கா உட்டுக்குடுத்தா, அடுத்த வருசம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. அப்பறம் கட்டுன்னு ஒண்ணு எதுக்கு? மீறுனா ஊர்க்கட்டுத்தான். எம் மருமகளா இருந்தாலும் அதுதான்."

ஊர்க்கட்டு என்றால் அந்த வீட்டுக்கு யாரும் அடுப்புக்கு நெருப்புகூடத் தரமாட்டார்கள். நல்லது கெட்டதுக்கு வாசல் மிதிக்கமாட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி என்ன கொடுத்தாள் என்பதைக்கூட அவர்கள்தான் பிரித்துப் படித்துச் சொல்லவேண்டியிருந்தது.

மறுநாள் காலை வண்டிக்கே சோமனூரில் ஏறிவிட்டாள். போத்தனூரில் தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே வீடு. உள்ளே நுழையும்போதே மகளின் முனகல் கேட்டது. விடிகாலையிலிருந்து வலி. லட்சுமணசாமி மருத்துவச்சி உம்மல் குல்சுமை அழைத்து வந்து வைத்திருந்தார். அந்தம்மாள் சாமியாத்தாளைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா அக்கா? ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல. பயந்துக்கிட்டு மூச்சை அடக்குது. நீங்க கிட்ட உக்காருங்க" என்றார். சாமியாத்தாள் கட்டிலோரம் உட்கார்ந்து கையை நீட்டினாள். ராசாத்தாள் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது.

நாலு மணி வண்டியைப் பிடித்தால்தான் விளக்கு வைப்பதற்குள் ஊர் போய்ச் சேரலாம். மூன்றரைக்கு மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "அத்தே, நாலு மணி வண்டி இன்னைக்கு நேரத்துக்கு வருதுங்க." போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை.

சாமியாத்தாள் மகளின் விரல்களை மெதுவாகப் பிரித்தாள். சுண்டுவிரல் வந்தது. மோதிரவிரல் வந்தது. ராசாத்தாள் கண்ணைத் திறந்து, "போறியாம்மா?" என்றாள். ஒரு பக்கம் நூறு வீடும் புருசனும் ஊர்க்கட்டும். இன்னொரு பக்கம் மூன்று விரல். சாமியாத்தாள் பிரித்த இரண்டு விரலையும் எடுத்துத் தன் கைக்குள்ளேயே வைத்து மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் ஊதிய சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிப் போகிற வரைக்கும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்ததும் வீறிட்ட வீறலில் மாப்பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நூலு எங்க? இங்கதானே வெச்சேன்" என்றார் உம்மல் குல்சும். தொப்புள்கொடி கட்ட எடுத்து வைத்த நூல் கட்டிலுக்கு அடியில் அழுக்குத் தண்ணீரில் கிடந்தது. "ஒரு சுத்தமான நூலு குடுங்கக்கா. வெரசாக் குடுங்க."

சாமியாத்தாள் அங்குமிங்கும் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய், பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். தினமும் காலையில் மஞ்சள் தண்ணீரில் நனைந்து காய்ந்த புதுநூல்.

உம்மல் குல்சும் கையில் வாங்கிவிட்டு ஒரு கணம் தயங்கினார். "இது உங்க சாமி நூலாச்சேக்கா?"

"சாமி நூலுதானுங்க. அதனாலதான் குடுக்கறேன்."

அவர் பிஸ்மில்லா சொல்லி, கொடியை இறுக்கிக் கட்டி அறுத்தார். கல்லடியில் உட்கார்ந்திருக்கும்போது சாமியாத்தாளுக்கு ஒரு நிறைவு வருமே, பத்து நாளாக வராமல் இருந்ததே, அது அந்த இரத்த வாடை வீசும் அறையில் அவளுக்கு வந்தது. மகளின் தலையைத் தடவிக்கொண்டே ஆசைதீர அழுதாள்.

மறுநாள் காலை சோமனூரில் இறங்கியபோது குமாரசாமி வண்டியோடு நின்றிருந்தார். நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு ஊர் திரும்பியவர், விடியுமுன் மறுபடியும் வந்திருந்தார்.

"என்ன புள்ள?"

"பொட்டப்புள்ளைங்க. ரெண்டு பேரும் சொகமா இருக்கறாங்க."

அவர் சிரித்தார். வண்டி நகர்ந்ததும்தான் பாதை சேறாகக் கிடப்பதை அவள் பார்த்தாள். "மழைங்களா?" என்றாள். "கொட்டித் தீத்துருச்சு" என்றார் குமாரசாமி.

கம்பத்தின் முன்னால் ஊர் கூடியிருந்தது. சென்னிமலைக் கவுண்டர் அவள் கையைப் பார்த்தார். "காப்பு எங்கம்மணி?"

"பேத்திக்குக் கொடி கட்டறதுக்கு நூலில்லீங்க. அவுத்துக் குடுத்துப்போட்டனுங்க."

தீட்டிலேயே பெரிய தீட்டுக்கு, காப்பிலேயே முதல் காப்பு. பக்கத்தில் நின்ற குமாரசாமி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நஞ்சுண்டன் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"காப்ப அவுத்தது இந்தம்மணி இல்லீங்க. பூவெடுத்த கையில ஆத்தா குந்தியிருந்தா. புள்ளப்பேறு பாக்க ஆத்தாளேதான் போத்தனூர் போயிருக்கறா. போன எடத்துல மனசு குளுந்துதான் இங்க மழையா எறங்கிப்போட்டா!"

முதல் குலவையை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. சென்னிமலைக் கவுண்டர் கொஞ்சம் யோசித்தார். கட்டை மீறியும் மழை வந்தது என்றால் கட்டுக்கு என்ன மரியாதை? ஆத்தாளே போனாள் என்றால் கட்டும் நிற்கும், மழையும் நிலைக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவளைக் கும்பிட்டார்.

சாமியாத்தாள், "அப்படியில்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். பூசாரி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பேசிவிடாதே, உன்னைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று அந்தக் கண் கெஞ்சியது. பக்கத்தில் குமாரசாமி அவிழ்த்த தலைப்பாகையோடு இன்னும் தலை குனிந்தே நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் ஆயுசில் சொன்ன ஒரே பொய் அதுதான்; அதையும் வாயைத் திறக்காமல் சொன்னாள். பூசாரி புதுக் காப்பு ஒன்றை எடுத்துவந்து இந்தத் தடவை மூன்று முடிச்சுப் போட்டார்.

நோம்பி முடிந்த கையோடு கிணற்றுமேட்டில் செங்கல் இறங்கியது. கல்லைச் சுற்றிச் சுவர் எழுப்பி, தகரம் வேய்ந்து, இரும்புக் கம்பிக் கதவு போட்டார்கள். தோட்டம் உங்களுடையதுதான், ஆத்தா ஊருக்கெல்லாம் பொது என்று குமாரசாமியிடம் சொன்னார்கள்; அவர் என்றைக்கு எதிர்த்துப் பேசினார்? சாவி பூசாரியின் இடுப்பில் தொங்கியது. முதல் குடத்தை இப்போது அவர்தான் ஊற்றினார், மணியடித்து. சாமியாத்தாள் விடியற்காலையில் போனால் கம்பிக்கு வெளியே நிற்கவேண்டும். செவலை மாட்டைப் பற்றிப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று என்ன பேசுவது?

செவ்வாயும் வெள்ளியும் அவளைக் கதவோரம் ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இருமினால் அதற்கும் பொருள் சொன்னார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்குக் கொடி கட்ட மஞ்சள் நூல் கொடுக்கிற வழக்கம் தானாக வந்து சேர்ந்தது. கதையை முதலில் சொன்ன நஞ்சுண்டனே நாளாக ஆக அதை நம்பத் தொடங்கிவிட்டார். சொல்லும்போது கண் கலங்கும். ஒருநாள் சாமியாத்தாள் தனியே பிடித்துக் கேட்டாள். "ஏனுங்க பூசாரி, அன்னைக்கு என்னையக் காப்பாத்தச் சொன்னீங்க. செரி. இன்னும் எத்தன நாளைக்குங்க?"

"அன்னைக்கு என்ற வாயில வந்தது என்ற பேச்சா தாயி?" என்றார் அவர். அம்மணி என்று கூப்பிட்டவர் தாயி என்று கூப்பிடத் தொடங்கிப் பல மாதமாகியிருந்தது.

ஊரைவிட்டு அவள் இராத்தங்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றால், "புள்ளைய இங்க கொண்டாரச் சொல்லலாமுங்க தாயி" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நோம்பிக்குப் பதினைந்து நாள்தான் கட்டு. அவளுக்கு வருசம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சாட்டு.

முப்பத்தேழு ஐப்பசியில் ராசாத்தாள் மறுபடியும் நிறைமாதம். அழைத்துவந்து வைத்துக்கொள்ள வழியில்லை. ஆத்தா இறங்குகிற வீட்டில் பிரசவத் தீட்டு ஆகாது என்று ஆகியிருந்தது. கார்டு வந்தது. "இந்தத் தடவயும் கையப் புடிச்சுக்க வாம்மான்னு எழுதச் சொல்லுதுங்க" என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார்.

நோம்பி இல்லை, கம்பம் இல்லை, கையில் காப்பு இல்லை. சாமியாத்தாள் இரண்டு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு காலையில் வண்டியில் ஏறினாள். ஊர் முகப்பில் வண்டி நின்றது. பாதை நெடுக ஆட்கள் குப்புற விழுந்து கிடந்தார்கள். முன்னால் சென்னிமலைக் கவுண்டர், எழுபது வயசு மனுசர், புழுதியில் நெற்றி பட.

"நீங்க போனா மழையும் உங்க பொறகால போயிருமுங்க தாயி."

சென்னியம்மாள் என்கிற பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து மாட்டின் காலடியில் கிடத்தினாள். "இது உங்க நூலுல பொழச்ச புள்ளைங்க. போறதுன்னா இதையத் தாண்டிப் போங்க."

கட்டு என்றால் மீறலாம். ஒரு தடவை மீறியவள்தான் அவள். காலில் விழுந்து கிடக்கிற முதுகுகளை எப்படி மிதித்துப் போவது? குமாரசாமி குனிந்து அவள் காதில் பேசினார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

"ஆத்தா போத்தனூர் போகச் சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு புள்ள. அத்தன பேரும் வழிய உட்ருவாங்க. அவங்க கதையிலயே நாம போயிரலாம்."

எவ்வளவு சுலபம்! தலையை ஒரு தடவை ஆட்டி, குரலை மாற்றி, நாலே வார்த்தை. சாமியாத்தாள் வாயைத் திறந்தாள். கிணற்றுமேட்டுக் கல் நினைவுக்கு வந்தது. இருபத்தெட்டு வருசத்தில் அது ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர் அதற்குச் சுவர் வைத்தது, கதவு வைத்தது, பூட்டு வைத்தது. வாய் ஒன்றுதான் பாக்கி. அதையும் தானா வைப்பது? முடியவில்லை. மகள் வலியில் கிடக்கிறாள் என்பது தெரிந்தும் அவளால் முடியவில்லை.

"ஆத்தா எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றாள், கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி. "என்னைக்குமே சொன்னதில்லீங்க. நானும் உங்களாட்டப் பொம்பளதான். எம்புள்ள கூப்படறா, அதுக்குத்தான் போறேன். என்னைய உடுங்க."

நஞ்சுண்டன் பூசாரி எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கக் கண்ணீர். "கேட்டீங்களா? ஆத்தா போகச் சொல்லலீன்னு தாயி வாயாலயே வந்துருச்சு!"

குலவை எழுந்தது. குமாரசாமி வண்டியைத் திருப்பினார்.

அன்று தன் தோட்டத்துப் பஞ்சில் அவளே ஒரு நூல் திரித்தாள். மஞ்சளில் நனைத்துப் புருசன் கையில் கொடுத்து அனுப்பினாள். நான்கு நாள் கழித்து அவர் திரும்பி வந்து, ஆண்பிள்ளை, இருவரும் சுகம் என்றார். ஊருக்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? "நீங்க இங்க இருந்ததுனாலதானுங்க தாயி" என்று பொங்கல் வைத்துக் கொண்டாடினார்கள். சாமியாத்தாள் புருசனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வலியில என்னையக் கேட்டாளுங்களா?"

குமாரசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராசாத்தாள் கைக்குழந்தையோடு வந்தாள். வீட்டுக்குப் போய் ஆளில்லாததால் கிணற்றுமேட்டுக்கே வந்துவிட்டாள். அங்கே ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். தாயி மகள் என்று தெரிந்து வழிவிடப் பார்த்தார்கள். அவள் வேண்டாமென்று கடைசியில் போய் நின்றுகொண்டாள். பலகையில் இருந்த சாமியாத்தாள் ஒவ்வொரு தலைக்கும் மேலாக மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. எழுந்தால் அதற்கும் ஒரு பொருள் சொல்லிக் குலவை போடுவார்கள்.

முறை வந்தது. சாமியாத்தாள் மகளின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். பின்னால் நிற்கிற அத்தனை கண்ணும் பார்க்கிறது என்பதாலோ, போத்தனூர் கட்டிலில் அந்தக் கை இல்லாமல் போன ஆற்றாமையாலோ, ராசாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. திருநீறு வாங்குகிறவர்கள் நீட்டுகிற மாதிரி உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"நூலு வந்து சேந்துச்சுங்க தாயி" என்றாள்.

சாமியாத்தாள் நீட்டிய கையை மடக்கி, தட்டிலிருந்து ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்து மகளின் உள்ளங்கையில் போட்டாள். பூசாரி மணியடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.